பொயிலர் ஏன் நின்றது

எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்பார்கள்: "உண்மையாவே காஸிலையோ வீடு சூடாகுது?"

அவர்கள் கேட்பதில் பிழையில்லை. ஒஸ்லோவில் எங்கள் ஆட்களின் வீடுகளில் மின்சாரச் சூடாக்கிதான் இருக்கும். கொஞ்சப் பேர் விறகு எரிப்பார்கள். வெஸ்ட்லியில் மாடிவீட்டில் இருந்த காலம் முழுவதும் எங்களுக்கும் சுவரில் பொருத்திய மின்சாரச் சூடாக்கிதான். பிறகு ரொம்மனுக்குக் கிட்ட இந்தத் தொடர்வீட்டுக்கு வந்தோம். குளியலறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதன் சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்று தொங்கியது. வளவுக்குள் நிலத்துக்கடியில் பெரிய காஸ் தாங்கியொன்றைப் புதைத்திருக்கிறார்கள், எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் குழாய் போகிறது. இந்தப் பெட்டி அந்தக் காஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கும். சூடான தண்ணீர் அறைகளிலுள்ள ரேடியேட்டர்களுக்குள் ஓடி வீட்டைச் சூடாக்கும். அவ்வளவுதான் எனக்கு முதலில் தெரிந்தது. அதை நாங்கள் பொயிலர் என்றுதான் சொல்வோம்.

எனக்கு அதைப் பிடிக்கவில்லை. வேலையில்லாத நாட்களில் தனியே இருக்கும்போது அதன் சத்தங்கள் என் காதுக்குள்ளேயே நிற்கும். முதலில் காற்றாடி சுழலும் இரைச்சல். பிறகு டிக், டிக், டிக். கடைசியில் உள்ளே ஏதோ மெதுவாக 'வூப்' என்று பற்றிக்கொள்ளும். அந்த 'வூப்'புக்கு ஒவ்வொரு முறையும் கையிலிருப்பதை வைத்துவிட்டு அந்த அறைப் பக்கம் போய் நிற்பேன். காஸ் என்றால் வெடிக்கும், இல்லாவிட்டால் ஓசைப்படாமல் ஆளை நித்திரையிலேயே கொண்டுபோய்விடும். இந்த இரண்டைத் தவிர என் மூளைக்கு வேறொன்றும் தோன்றாது.

கணவர் பஸ் ஓட்டுகிறவர். இயந்திரம் என்றால் அவருக்குச் சிநேகிதம். "அது பாட்டுக்கு வேலை செய்யுது. நீர் ஏன் அதை ஒட்டுக்கேட்டுக்கொண்டு நிக்கிறீர்?" என்று சிரிப்பார்.

அவர் சிரித்தாலும் நான் விடவில்லை. ஒரு சனிக்கிழமை ஸ்ட்ரோம்மனில் சாமான் வாங்கப் போனபோது மின்சாரப் பொருட்கள் விற்கும் கடைக்குள் அவரை இழுத்துக்கொண்டு போனேன். காஸ் சரியாக எரியாவிட்டால் உண்டாகும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கென்றே தனியாக ஒரு அலாரம் இருக்கிறதென்று வேலையிடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். "வீட்டிலை புகை அலாரம் இருக்குத்தானே" என்றார் கணவர். கடைக்காரப் பெடியன் தலையை ஆட்டினான். புகை அலாரத்துக்கு அந்த வாயு தெரியாது, நிறமும் இல்லை, மணமும் இல்லை, அதற்கு இதுதான் வேண்டும் என்றான். உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து இருக்கையறைச் சுவரில் பொருத்தினோம். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் நான் ஒழுங்காக நித்திரை கொண்டேன்.

அந்த மாரிக்குளிரில் என் தங்கச்சி எங்களோடு வந்து தங்கினாள். கலியாணம் கட்டி நெடுங்காலம் பிள்ளையில்லாமல், எத்தனையோ வைத்தியம் பார்த்து, எல்லோரும் கேட்பதை விட்டுவிட்ட பிறகு அவளுக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். அவள் இருந்த கட்டடத்தில் பழைய தண்ணீர்க் குழாய்களை மாற்றுவதற்காகக் குளியலறைகளை உடைத்துப் போட்டிருந்தார்கள். அவளுடைய கணவர் வடக்கே லொறி ஓட்டிப் போனால் திரும்ப நாளாகும். "கைப்பிள்ளையோடை அங்கை என்னண்டு இருப்பாய்? இஞ்சை வா" என்று நான்தான் கூட்டிவந்தேன்.

எங்களுக்கு மூத்தவர் அண்ணா, களஞ்சியமொன்றில் வேலை செய்கிறார். பிள்ளை வந்த நாளிலிருந்து அவர் நாள்தோறும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒருநாள் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக்கறி வைக்கச் சரக்குத்தூள் கொண்டுவருவார், ஒருநாள் சின்ன மீன் கொண்டுவருவார். வந்து கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலடியில் நிற்பார். பிள்ளை தும்மினால்கூட எங்கள் மூவரிலும் பயந்துபோகிறவர் அவர்தான்.

பெப்ரவரியில் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. மூன்றாம் நாள் வானம் தெளிந்து குளிர் இறுகியது. நான் காலையில் எழும்பி வந்தபோது தரை கால் வைக்க முடியாதபடி சில்லிட்டிருந்தது. கணவர் விடியமுன்னரே வேலைக்குப் போய்விட்டார். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். கல்லுப்போல் இருந்தது.

பொயிலர் அறைக்குப் போனேன். பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கியது, சின்னத் திரையில் ஏதோ ஒரு குறி. அதற்குக் கீழே ஒரு பொத்தான். அழுத்தினேன். காற்றாடி சுழன்றது. 'டிக் டிக்'கை எதிர்பார்த்து நின்றேன். அது வரவேயில்லை. காற்றாடி கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு அடங்கியது. மறுபடி சிவப்பு. இன்னொருதரம் அழுத்தினேன். அதே கதை.

மேலே பிள்ளை அழத் தொடங்கினான். வீட்டில் இருந்த ஒரேயொரு சின்ன மின்சாரச் சூடாக்கியைத் தங்கச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அது தன்னைச் சுற்றி ஒரு முழத்துக்கு மட்டும் சூடு தந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணா வந்தார்.

"என்னடி இது, வீட்டுக்குள்ளையும் வெளியிலையும் ஒரே குளிரா இருக்கு?"

"பொயிலர் நிண்டுபோச்சு அண்ணா. அமத்தி அமத்திப் பாத்தன், எரியுதில்லை."

"நான் அப்பவே சொன்னனான், உந்தக் காஸை நம்பி வீடு வாங்காதேங்கோ எண்டு." அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மேலே போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐஸ் மாதிரி இருக்கு" என்றார்.

பொயிலரைப் பராமரிக்கும் கொம்பனியின் இலக்கம் பெட்டியிலேயே ஒட்டியிருந்தது. எடுத்தேன். தொலைபேசியில் ஒரு பெண் கதைத்தாள். திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"சரி. இனிமேல் அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். அதற்குக் காற்றுப் போதவில்லை என்றுதான் அது சொல்கிறது. உங்கள் வீட்டின் பின்சுவரில் ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது இப்போது தெரிகிறதா?"

சமையலறை ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். கூரையிலிருந்து பனி முழுவதும் ஒரேயடியாகச் சரிந்து பின்சுவரோடு குவிந்து கிடந்தது. குழாயைக் காணவே இல்லை.

"அதைச் சுற்றித் தோண்டி எடுத்துவிடுங்கள். பிறகு எனக்குத் தொலைபேசி அடியுங்கள், சேர்ந்து பார்ப்போம். வீட்டில் காபனோரொட்சைட்டு அலாரம் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"நல்லது" என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

பனி தள்ளும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அண்ணாவைப் பிள்ளையோடு இருக்கச் சொன்னேன். அவருக்கு முதுகு சரியில்லை. பனி என் இடுப்புக்கு வந்தது. சரிந்து விழுந்த பனி கொட்டும் பனியைப்போல் இலேசாக இராது, சீமெந்துபோல் இறுகிக் கிடக்கும். கொஞ்ச நேரத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா! என்ன ஆச்சு? தனியா தோண்டுறீங்க?"

பக்கத்து வீட்டுப் பெண். தமிழ்நாட்டிலிருந்து வந்து பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். நான் சொல்வதில் பாதி அவளுக்குச் சிரிப்பு, அவள் சொல்வதில் பாதி எனக்கு ஆங்கிலம். முதன்முதலில் சந்தித்தபோது "உங்களோடை கொஞ்சம் கதைக்க வேணும்" என்று நான் சொல்ல, ஏதோ கதை சொல்லப்போகிறேன் என்று ஆவலாக உட்கார்ந்துவிட்டாள்.

"பொயிலர் நிண்டுட்டுது. குழாயைப் பனி மூடிப்போட்டுது."

"அய்யோ, உள்ள குட்டிக் குழந்தை இருக்கே! ஒரு நிமிஷம்" என்று ஓடிப்போய்த் தன் மண்வெட்டியோடு வந்தாள். இரண்டு பேருமாகத் தோண்டினோம். வேர்த்தது. ஒருவழியாகக் குழாயின் நுனி தெரிந்தது. வாய்க்குள்ளும் பனி அடைத்திருந்தது. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் சுரண்டி எடுத்தாள்.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. விட்டுவிட்டுக் கூவும் கூர்மையான சத்தம். பொருத்திய அன்று சோதித்துப் பார்த்தபோது ஒருதரம் கேட்டதுதான். ஆனாலும் உடனே தெரிந்துவிட்டது.

பொயிலர்தான் என்று நினைத்தேன். நான் பயந்த அந்தப் பெட்டிதான் எப்படியோ தன் வேலையைக் காட்டிவிட்டது என்று. மண்வெட்டியை எறிந்துவிட்டுப் பனிக்குள் விழுந்து எழும்பி ஓடினேன். அவளும் பின்னால் ஓடிவந்தாள்.

இருக்கையறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் சூடு அடித்தது. அறையின் நடுவில் ஒன்று செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு முன்னால் திறந்த வெளியில் இருக்கும் தெரஸில், எங்களுக்கு முன்னர் இந்த வீட்டில் இருந்தவர்கள் விட்டுப்போன காஸ் சூடாக்கி. இடுப்பளவு உயரம், அடியில் காஸ் சிலிண்டர். கோடையில் பின்னேரங்களில் வெளியே இருந்து சாப்பிடுகிறவர்கள் குளிருக்கு எரிப்பது. பிள்ளைக்குக் குளிர்கிறதென்று அண்ணா அதைத் தூக்கிவந்து உள்ளே வைத்துப் பற்றவைத்திருக்கிறார். குளிர் வரக்கூடாதென்று கதவுகளையெல்லாம் இறுக்கிச் சாத்தி, கதவின் கீழ் இடுக்கில் துவாயையும் சுருட்டி வைத்திருக்கிறார். தங்கச்சி பிள்ளையோடு மேலிருந்து இறங்கிவந்து அதற்கு முன்னால் சோபாவில் இருந்தாள். அண்ணா கதிரையில் ஏறி நின்று அலாரத்தை நிற்பாட்ட முயன்றுகொண்டிருந்தார்.

"உது சும்மா கத்துது! பற்றரி முடிஞ்சிருக்கும்!" என்றார்.

"ஆஃப் பண்ணுங்க! அத முதல்ல ஆஃப் பண்ணுங்க!" என்று பக்கத்து வீட்டுப் பெண் கத்தினாள். "கார்பன் மோனாக்சைடு! குழந்தைய எடுத்துட்டு எல்லாரும் வெளிய போங்க!"

அவளே குனிந்து சிலிண்டரின் வால்வைப் பூட்டினாள். நான் தங்கச்சியை எழுப்பினேன். அவள் எழுந்து, தள்ளாடி, மறுபடி சோபாவைப் பிடித்தாள்.

"அக்கா, எனக்குத் தலையிடிக்குது. இவன் எழும்புறானில்லை."

பிள்ளை அவள் மடியில் நித்திரையாகக் கிடந்தான். அத்தனை சத்தத்துக்கும் அசையாத நித்திரை. நான் அவனை வாரி எடுத்தேன். தலை என் தோளில் துவண்டது. முன்வாசலால் பனிக்குள் இறங்கினேன். அவன் பாதத்தைத் தேய்த்தேன், முகத்தைக் குளிர்காற்றுக்குத் திருப்பினேன். "ராசா, ராசா, கண்ணைத் திற" என்று என்னென்னவோ சொன்னேன்.

கொஞ்சம் பொறுத்து அவன் முகம் சுருங்கியது. வாய் கோணியது. பிறகு அந்தத் தெரு முழுவதற்கும் கேட்கும்படி அவன் போட்ட கத்தலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அதைவிட இனிமையான சத்தத்தை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை. பின்னால் தங்கச்சி படிக்கட்டில் இருந்தபடியே அழுதுகொண்டு சிரித்தாள்.

பக்கத்து வீட்டுக்குள் போனோம். அவள் அவசர இலக்கத்துக்கு அடித்து நோர்வேஜியனும் ஆங்கிலமும் கலந்து எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னாள். தீயணைப்புப் படையினர் வந்து எங்கள் கதவு ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, கையில் ஒரு கருவியோடு அறையறையாக அளந்தார்கள். அம்புலன்ஸில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தங்கச்சிக்கும் பிள்ளைக்கும் அண்ணாவுக்கும் இரத்தம் எடுத்தார்கள், மூச்சுக்கு ஒட்சிசன் கொடுத்தார்கள். பிள்ளையின் முகத்துக்கு அந்தச் சின்ன மூடி பெரிதாக இருந்தது.

டொக்டர் வந்து, மூன்று பேருக்கும் இரத்தத்தில் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆபத்தில்லை, நேரத்தோடு வெளியே வந்துவிட்டீர்கள் என்றார். தாயையும் பிள்ளையையும் மட்டும் மறுநாள்வரை வைத்துப் பார்க்கச் சொன்னார். அதைக் கேட்டதும் அண்ணா நடைபாதைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. வேலையிலிருந்து நேரே வந்த கணவர் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

பொயிலரைச் சோதிக்காமல் போடவேண்டாமென்று தீயணைப்புப் படையினர் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலையில் திருத்துகிறவள் வந்தாள். குரலைக் கேட்டதும் தெரிந்தது, தொலைபேசியில் கதைத்த அதே பெண். நடந்ததைச் சொன்னேன். அவள் மெல்ல மூச்சை விட்டாள். "எல்லோரும் நலமா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகுதான் பெட்டியின் முன்மூடியைக் கழற்றினாள்.

அண்ணாவும் அங்கே நின்றார். இரவு முழுக்க நித்திரையில்லாத கண். அவளிடம் தனக்குத் தெரிந்த நோர்வேஜியனில் கேட்டார்: "அதுவும் காஸ், இதுவும் காஸ்தானே. இது மாதக்கணக்கா எரியுது, ஒண்டும் நடக்கேல்லை. அது அரை மணித்தியாலம்கூட எரிஞ்சிருக்காது. ஏன் அப்பிடி?"

அவள் அவரைச் சிறுமைப்படுத்தவில்லை. நல்ல கேள்வி என்றுவிட்டு விரலால் காட்டிக் காட்டிச் சொன்னாள். சுவரால் போகிற குழாய் உண்மையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய். வெளிக்குழாயால் வெளியிலுள்ள காற்று உள்ளே வரும். உட்குழாயால் எரிந்த புகை வெளியே போகும். இந்த நெருப்பு மூடிய பெட்டிக்குள் எரிகிறது. நாங்கள் சுவாசிக்கும் காற்றை அது தொடுவதேயில்லை.

"தெரஸ் சூடாக்கி அறையின் காற்றைத்தான் எடுக்கும். அதே அறைக்குத்தான் புகையைத் திருப்பிக் கொடுக்கும். அறை மூடியிருந்தால் காற்றுக் குறையக் குறைய அரைகுறையாக எரியும். அப்போதுதான் அந்த நஞ்சு உண்டாகிறது. உங்களுடையதை வாசலில் பார்த்தேன். எரியும் இடமெல்லாம் துருவும் சிலந்திவலையும். அதனால் இன்னும் மோசம்."

"அப்ப இது ஏன் நிண்டது?" என்று நான் கேட்டேன்.

"நிற்கத்தான் வேண்டும். பொத்தானை அழுத்தியதும் இது முதலில் காற்றாடியைத்தான் சுழற்றும். உள்ளே மிஞ்சிய காஸ் ஏதும் இருந்தால் வெளியே தள்ளிவிட. காற்று ஓடுகிறதா என்று பார்க்கும். ஓடவில்லை என்றால் அதற்கு மேல் போகாது. பொறியும் இல்லை, காஸும் இல்லை. நேற்று உங்களுக்கு நடந்தது அதுதான்."

நான் காத்திருந்தும் வராத 'டிக் டிக்'கை நினைத்துக்கொண்டேன்.

அவள் உள்ளே மெல்லிய கம்பி ஒன்றைக் காட்டினாள். பற்றவைத்த பிறகு சுவாலை உண்மையாகவே இருக்கிறதா என்று அது உணர்ந்துகொண்டே இருக்கும். சுவாலை அணைந்தால் அந்தக் கணமே காஸ் வழி பூட்டிக்கொள்ளும். தண்ணீர் அளவுக்கு மேல் சூடானாலும் அப்படித்தான். சில தரம் முயன்று பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்கைப் போட்டு ஒரு மனிசர் வரும்வரை காத்திருக்கும்.

"உங்கள் பொயிலரில் பழுது ஒன்றும் இல்லை" என்றாள். "அது நேற்றுத் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. நீங்கள் குழாயடியில் பனி சேரவிடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை என்னைக் கூப்பிடுங்கள். இந்த அறைக்குள் சாமான் அடுக்காதீர்கள். மற்றது, அந்த அலாரத்தை ஒருபோதும் கழற்றாதீர்கள்."

எல்லாவற்றையும் துடைத்து, குழாயைக் கருவியால் சோதித்து, மூடியைப் பூட்டினாள். "வாருங்கள், நீங்களே போடுங்கள்" என்று என்னை அழைத்தாள். அழுத்தினேன். காற்றாடி. பிறகு டிக், டிக், டிக். 'வூப்.' முன்பக்கத்தில் காசளவு கண்ணாடி ஒன்று இருக்கிறது, அதுவரை நான் அதைக் கவனித்ததேயில்லை. குனிந்து பார்க்கச் சொன்னாள். உள்ளே நீல நிறத்தில் சின்னச் சின்னச் சுவாலைகள் வரிசையாக, ஒரு ஆட்டமும் இல்லாமல் நின்றன. நீலமென்றால் நல்லது, மஞ்சளாக ஆடினால் நிற்பாட்டிவிட்டுக் கூப்பிடுங்கள் என்றாள். அண்ணாவும் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

ரேடியேட்டர்களுக்குள் தண்ணீர் கிணுகிணுத்து ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு அறையாகப் போய்த் தொட்டுப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை. எத்தனை மாதமாக இந்தப் பெட்டியை எதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்! இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தோளிலிருந்து இறங்கிப்போனதுபோல் இருந்தது.

மதியத்துக்குக் கணவர் தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிவந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ரசம் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். "எங்க ஊரு ரசம்க்கா, உங்க சொதி அளவுக்கு இருக்காது" என்றாள். வீடு நல்ல சூடு. தங்கச்சி போர்த்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, "அப்பாடா" என்று சோபாவில் சாய்ந்தாள்.

அண்ணா உள்ளே வரவில்லை. திறந்த வாசற்கதவைப் பிடித்தபடி, சப்பாத்தும் கழற்றாமல் நின்றார்.

"அண்ணா, அங்கை என்ன செய்யிறியள்?" என்று தங்கச்சி கேட்டாள்.

"நான் பிறகு வாறன். நீ ஆறுதலா இரு."

"பிறகு இல்லை. இப்ப வாங்கோ. கதவைச் சாத்துங்கோ, சூடு வெளியிலை போகுது."

அவர் வந்தார். கையைக் கழுவினார். சோபா ஓரத்தில் இருந்ததும், தங்கச்சி பிள்ளையை அவர் மடியில் கிடத்தினாள். அவன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான்.

"பார், என்ன நிம்மதியா இருக்கிறான்" என்றார் அண்ணா.

"எங்களுக்கும் அப்பிடித்தான்" என்றாள் தங்கச்சி. "ரசம் ஆறப்போகுது, வாங்கோ சாப்பிடுவம்."